ஆனைக்கற்றாழை வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டைமாடியிலும் வாசலிலும் ஆனைக்கற்றாழை உள்ளிட்ட அகேவ் செடிகளை வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்விகளையும், பல ஆண்டுகள் வளர்த்ததில் கிடைத்த விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டுச் சமவெளியின் வெயிலையும் மழையையும் மனத்தில் வைத்தே இவை எழுதப்பட்டுள்ளன. மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கான செய்தி தனியே உள்ளது.

ஆனைக்கற்றாழையும் சோற்றுக்கற்றாழையும் ஒன்றா?

இல்லை. பெயரில் கற்றாழை இருப்பதாலும் இரண்டும் தடித்த இலைகளைச் சுற்றடுக்காக விரிப்பதாலும் இந்தக் குழப்பம் நேர்கிறது. சோற்றுக்கற்றாழையின் இனம் ஆப்பிரிக்காவையும் அரேபியாவையும் தாயகமாகக் கொண்டது. அகேவ் இனம் முழுவதும் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது, மெக்சிகோவில்தான் அதன் வகைகள் மிகுதி. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் இந்த இனத்துக்கு வைத்த பெயர், மேன்மை பொருந்தியது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் ஊரில் ரயில் பாதையின் ஓரங்களில் இதை வேலியாக நட்டதால் ரயில் கற்றாழை என்றும் சொல்வார்கள்.

பிரித்தறிவது எளிது. சோற்றுக்கற்றாழை இலையை ஒடித்தால் சட்டென்று முறிந்து வழவழப்பான சோறு வெளிப்படும். அகேவ் இலை அப்படி ஒடியாது. உள்ளே நீளவாட்டில் ஓடும் நார்கள் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த நாருக்காகவே சிசால் என்னும் அகேவ் வகை உலகெங்கும் பயிரிடப்பட்டது. இலை நுனியில் கோணியூசி போன்ற கறுத்த முள் இருக்கிறதா என்றும் பாருங்கள். சோற்றுக்கற்றாழைக்கு அது கிடையாது. மற்றொரு வேறுபாடு, சோற்றுக்கற்றாழை ஆண்டுதோறும் பூக்கும், அகேவ் தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூத்து அத்துடன் முடிந்துவிடும்.

அகேவ் இலையின் முதுகை ஒருமுறை உற்றுப் பாருங்கள். குருத்தில் இறுக்கமாகச் சுருண்டிருந்த காலத்தில் பக்கத்து இலையின் ஓரப் பற்கள் பதிந்த தடம், வெண்சாம்பல் பூச்சின் மேல் ரம்பம் வைத்து அழுத்தியதுபோல் வரிசையாகத் தெரியும். இந்தத் தடத்தின் அழகுக்காகவே அகேவ் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டில் வளர்க்க எந்த வகையை வாங்கலாம்?

இடத்தைப் பொறுத்தது. அகேவ் அமெரிக்கானா எனப்படும் ஆனைக்கற்றாழை, பெயருக்கேற்ப, தரையில் நட்டால் ஓராள் உயரத்துக்கு எழுந்து மூன்று மீட்டர் அகலத்துக்கும் கூடுதலாக விரியும். கையளவு கன்றாக வாங்கிக் கேட்டின் ஓரத்தில் நட்டுவிட்டு, ஐந்தாறு ஆண்டுகளில் வண்டியை உள்ளே கொண்டுவர முடியாமல் திண்டாடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தொட்டியில் வைத்தால் வேர் நெருக்குண்டு அளவு குறைவாகவே இருக்கும். இலையோரம் மஞ்சள் பட்டை ஓடும் வகைதான் நம் நர்சரிகளில் அதிகம் கிடைக்கிறது.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அகேவ் அட்டெனுவாட்டா ஏற்றது. இலை மிருதுவானது, பற்களும் இல்லை, நுனி முள்ளும் இல்லை. ஆனால் நம் கோடையின் நண்பகல் வெயில் இதற்கு ஆகாது, அரை நிழல் வேண்டும். சிறிய தொட்டிக்கு அகேவ் விக்டோரியே ரெஜினே என்னும் குள்ள வகை அழகு. கரும்பச்சை இலையில் சுண்ணாம்புக் கோடு இழுத்ததுபோல் இருக்கும். மிக மெதுவாக வளர்வதால் விலை அதிகம்.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. ஃபர்க்ரேயா என்னும் உறவுச் செடியின் வரியிலை வகையையும் அகேவ் என்றே விற்கிறார்கள். இலை நுனியைத் தொட்டுப் பார்த்தால், குத்தும் முள் இல்லாமல் மொழுக்கென்று முடிந்தால், அது பெரும்பாலும் ஃபர்க்ரேயாவாக இருக்கும். விற்பவர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டியதில்லை, அவருக்கு வந்த பெயர்ப்பட்டியே அப்படி. அதுவும் நல்ல செடிதான். வளர்ப்பு முறையிலும் பெரிய மாற்றமில்லை.

வறட்சியை இது எப்படித் தாங்குகிறது?

இதைப் புரிந்துகொண்டால் கீழே வரும் விடைகளில் பாதியை நீங்களே ஊகித்துவிடலாம். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுக்கின்றன. அப்போது இலையிலுள்ள நீரும் ஆவியாக வெளியேறுகிறது. அகேவ் பகலில் துளைகளை மூடிக்கொண்டு, வெப்பம் தணிந்த இரவில் திறக்கிறது. இரவில் வாங்கிய வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி இலைக்குள் சேமித்து, மறுநாள் வெயிலில் கதவைத் திறக்காமலேயே அதிலிருந்து உணவு தயாரிக்கிறது.

இந்த ஏற்பாட்டின் முதல் அறிகுறிகளில் ஒன்றைப் பதிவு செய்தவருக்கும் நம் மண்ணுக்கும் தொடர்பு உண்டு. தரங்கம்பாடிக்கு மதப்பணியாளராக வந்து, பின்னர் சென்னை மாகாணத்தில் தாவரவியலாளராகப் பணியாற்றிய பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளியின் இலை காலையில் புளிப்பாகவும் நண்பகலில் சுவையற்றும் இருப்பதை 1813-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். இரவில் சேர்ந்த அமிலம் பகலில் செலவாகிவிடுவதே அதற்குக் காரணம். அகேவும் அதே முறையில்தான் வாழ்கிறது. (சோதித்துப் பார்க்கிறேன் என்று அகேவ் இலையைக் கடித்துவிடாதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.)

இதோடு இலையே ஒரு நீர்த்தொட்டி, மேலே மெழுகுப் பூச்சு, வேரோ ஆழமாக இறங்காமல் மேல்மண்ணில் அகலப் பரவி ஒரு சிறு தூறலையும் உடனே உறிஞ்சிக்கொள்வது. இவ்வளவு முன்னேற்பாட்டோடு வாழும் செடிக்கு ரோஜாவுக்கு ஊற்றுவதைப்போல் தினமும் ஊற்றினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற வேண்டும்?

நாள்கணக்கு கேட்பவர்களுக்குத் தோராயமாக ஒன்று சொல்லலாம். தொட்டிச் செடிக்குச் சித்திரை, வைகாசியில் ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை. தை, மாசியில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. மழை பெய்யும் மாதங்களில் அறவே வேண்டாம். தரையில் நட்டு ஓராண்டு கடந்த செடிக்குக் கடுங்கோடையில் மாதம் ஒருமுறை ஊற்றினால் போதும், ஊற்றாவிட்டாலும் பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் நான் நாள்கணக்கை நம்புவதில்லை, ஈர்க்குச்சியை நம்புகிறேன். தென்னந்துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, தொட்டியின் ஓரமாக நான்கு விரற்கடை ஆழம் செருகி, பத்து நிமிடம் விட்டு எடுத்துப் பாருங்கள். ஈர்க்கின் நிறம் மாறி மண் ஒட்டியிருந்தால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. உலர்ந்து சுத்தமாக வந்தால், அதற்குப் பிறகும் இரண்டு நாள் பொறுத்து ஊற்றலாம். ஊற்றும்போது தயங்காமல், அடித்துளை வழியே நீர் வழியும்வரை ஊற்ற வேண்டும். தினமும் அரைக் குவளை தெளிப்பது மேல்மண்ணை மட்டும் எப்போதும் ஈரமாக வைத்து அடிவேரைக் காயப்போடும் வேலை. குருத்தின் நடுவில் நீர் தேங்கும்படி ஊற்றக் கூடாது.

எங்கள் வீட்டில் உப்பு மிகுந்த போர்த் தண்ணீர்தான் இருக்கிறது. ஊற்றலாமா?

ஊற்றலாம். ஓரளவு உப்பை இச்செடி பொறுத்துக்கொள்ளும். தொட்டியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெள்ளை வெள்ளையாகப் படிவதைக் கண்டால், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, சேமித்த மழைநீரையோ நல்ல தண்ணீரையோ தொட்டியின் கொள்ளளவைப்போல் இரு மடங்கு ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றுங்கள்.

கோடையெல்லாம் செழிப்பாக இருந்த செடி கார்த்திகையில் திடீரென்று சரிந்து விழுந்துவிட்டது. ஏன்?

எனக்கு மிகுதியாக வரும் கேள்வி இதுதான். அகேவின் தாயகமான மெக்சிகோவின் உலர் நிலங்களில் மழை பெரும்பாலும் கோடைப் பருவத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்கிறது. நனைந்த மண்ணை அடுத்த நாள் வெயில் காயவைத்துவிடும். நம் நிலையோ வேறு. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது; அதில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவமழையாக அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. அப்போது வானம் நாள்கணக்கில் மூடியிருக்கும், காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், செடியின் வளர்ச்சியும் மந்தப்பட்டிருக்கும். வறட்சியைத் தாங்குவதற்காகவே உருவான வேர், காற்றில்லாத சேற்றில் ஒரு வாரம் மூழ்கிக் கிடந்தால் அழுகிவிடுகிறது. வெயிலில் இந்தச் செடி செத்து நான் பார்த்தது அரிது. ஐப்பசி, கார்த்திகையில் செத்துப் பார்த்ததற்குக் கணக்கில்லை.

நானும் இப்படி ஒன்றை இழந்திருக்கிறேன். ஆறு ஆண்டுகள் வளர்த்த அட்டெனுவாட்டா அது, சிமென்ட் தொட்டியில் மாடிப்படியின் திருப்பத்தில் நின்றது. மண் வழியாமல் இருக்கட்டும் என்று அடித்துளையின் மேல் ஒரு கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வைத்திருந்தேன். அந்த ஆண்டு அடைமழை நின்ற நான்காம் நாள் பார்க்கும்போது, செடி வெளித்தோற்றத்துக்கு நன்றாகத்தான் இருந்தது. அடியிலை இரண்டு மட்டும் கண்ணாடிபோல் நிறம் மங்கியிருந்தன. நடுக்குருத்தைப் பிடித்து மெல்ல அசைத்தேன். எந்த எதிர்ப்பும் இல்லாமல் அது அப்படியே கையோடு வந்துவிட்டது; அடியில் பழுப்புக் கூழும், ஊறப்போட்ட சணலின் நாற்றமும். பிறகு தொட்டியை உடைத்துப் பார்த்ததில், ஆண்டுக்கணக்கில் இறங்கிய நுண்மண் கொட்டாங்கச்சியின் விளிம்பைச் சுற்றிக் களிம்புபோல் அடைத்திருந்தது. துளை திறந்துதான் இருந்தது, நீருக்குத்தான் அங்கே போக வழியில்லை.

ஆகையால் புரட்டாசி முடிவதற்குள் மூன்று காரியங்களைச் செய்துவிடுங்கள். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, அது ஓரிரு நிமிடத்தில் அடியில் வழிகிறதா என்று பாருங்கள். வழியாவிட்டால் கம்பியால் துளையைக் குத்திவிடுங்கள். தொட்டிக்கு அடியிலுள்ள தட்டை எடுத்துவிடுங்கள், கொசுவுக்கும் அது கேடு. தூக்க முடிந்த தொட்டிகளை மழைச்சாரல் படாத, ஆனால் வெளிச்சமுள்ள தாழ்வாரத்துக்கு நகர்த்துங்கள். நகர்த்த முடியாத பெரிய தொட்டியின் ஒரு பக்கத்தில் அரைச் செங்கல்லைக் கொடுத்துச் சற்றுச் சாய்த்து வைத்தால், குருத்தில் தேங்கும் நீர் வடிந்துவிடும்.

மண் கலவை எப்படி இருக்க வேண்டும்?

நர்சரியிலிருந்து வரும் கறுப்புப் பையைக் கிழித்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைக் காண்பீர்கள்: கல்போல் இறுகிய செம்மண் உருண்டை, அல்லது பிழிந்தால் நீர் சொட்டும் தென்னைநார்க் கழிவு. இரண்டுமே அகேவுக்குப் பொருந்தாதவை. விற்கும்வரை வாடாமல் வைத்திருக்க அவர்களுக்கு அது வசதி. அந்த உருண்டையோடு அப்படியே நல்ல மண்ணில் நட்டாலும் வேர் அதற்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். உருண்டை காயாமல் நடுவில் ஈரமாகவே இருக்கும். வாளித் தண்ணீரில் ஊறவைத்து, பழைய மண்ணை முழுவதும் கரைத்து எடுத்து, வேரை இரண்டு நாள் நிழலில் ஆறவிட்டு நடுங்கள்.

நான் பயன்படுத்தும் கலவையில் பாதிக்குமேல் கல்லும் மணலும்தான். வேர்க்கடலை அளவுக்கு உடைத்த செங்கல் ஜல்லி இரண்டு பங்கு, சலித்துத் தூசி நீக்கிய பருமணல் ஒரு பங்கு, தோட்டச் செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ அரைப் பங்கு. ஆற்று மணல் கிடைக்காத ஊரில் எம்-சாண்டைப் பயன்படுத்தலாம், ஆனால் அதிலுள்ள மாவு போன்ற தூளைக் கழுவி நீக்காமல் போட்டால் சிமென்ட் பூசியதுபோல் இறுகிவிடும். கலந்த மண்ணை நனைத்துக் கைப்பிடியில் இறுக்கிப் பிடித்து விரியுங்கள். கொழுக்கட்டைபோல் உருண்டு நின்றால் இன்னும் ஜல்லி சேர்க்க வேண்டும். உதிர்ந்து விழுந்தால் சரி.

நடும்போது செடியின் கழுத்துப் பகுதி மண்மட்டத்துக்கு இரண்டு விரற்கடை மேலே நிற்க வேண்டும். மேடாக நட்டு, சுற்றிலும் கூழாங்கல் பரப்பிவிட்டால் அடியிலை ஈரமண்ணைத் தொடாது. தரையில் நடுபவர்கள் களிமண் நிலமாக இருந்தால் ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். குழிவெட்டிக் குழிக்குள் நடும் வழக்கம் வாழைக்கும் தென்னைக்கும் உரியது, இதற்கு அன்று.

எந்தத் தொட்டி நல்லது?

சுட்ட மண்தொட்டி. அதன் உடல் வழியே ஈரம் வெளியேறுவதால் மண் சீக்கிரம் காய்கிறது. பிளாஸ்டிக் தொட்டியில் வளர்ப்பதானால் தண்ணீர் ஊற்றும் இடைவெளியை ஏறக்குறைய இரட்டிப்பாக்குங்கள். வேர்ப்பரப்பைவிட இரண்டங்குலம் அகலமான தொட்டி போதும். சிறு செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால், வேர் எட்டாத மண் காயவே காயாது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி நடலாம். மொட்டைமாடித் தளத்தில் நேரடியாக வைக்காமல் மூன்று செங்கல் துண்டுகளின்மேல் தூக்கி வைத்தால், தளத்தின் கொதிப்பும் குறையும், நீரும் தடையின்றி வடியும்.

முழு வெயிலில் வைத்தேன், இலை வெளுத்து எரிந்துவிட்டது. வெயில் விரும்பும் செடி என்றுதானே சொல்கிறார்கள்?

வெயில் விரும்பும் செடிதான். ஆனால் நீங்கள் வாங்கியது நிழல்வலைக்குக் கீழே வளர்ந்த செடி. அதன் இலையில் மெழுகுப் பூச்சு போதிய அளவு உருவாகியிருக்காது. முதல் வாரம் காலை வெயில் மட்டும், அடுத்த வாரம் பதினோரு மணிவரை, பிறகு மெல்ல மெல்லக் கூட்டி, மூன்று வாரத்தில் முழு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். பங்குனி தொடங்கி வைகாசி முடியும்வரை புதுச்செடியை வெளியே வைக்காமல் இருப்பது இன்னும் நல்லது. ஏற்கெனவே எரிந்த தழும்பு மாறாது. புதிய இலைகள் விரிந்து அந்த இலை கீழே இறங்கும்வரை பொறுத்திருக்க வேண்டியதுதான்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. வெளிச்சம் போதாத இடத்தில் வைத்தால் இலைகள் மெலிந்து நீண்டு, வாடிய வெங்காயத்தாள்போல் தொங்கும்.

வீட்டுக்குள் வைக்கலாமா?

தெற்கு அல்லது மேற்குச் சாளரத்தருகே, நாளில் நான்கைந்து மணி நேரம் நேர்வெயில் விழும் இடம் இருந்தால் குள்ள வகைகளை வைக்கலாம். அது இல்லாத வரவேற்பறைக்கு வேறு செடி பாருங்கள்.

என்ன உரம் போட வேண்டும்?

ஏறக்குறைய எதுவும் வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்து செடி மீண்டும் வளரத் தொடங்கும் மாசியில், தொட்டியின் ஓரத்தில் ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதும். தழைச்சத்து மிகுந்த உரங்களையும் பச்சைச் சாணக் கரைசலையும் ஊற்றினால் இலை வேகமாகக் கொழுத்து, உறுதியின்றி மடிந்து, பூச்சிக்கும் அழுகலுக்கும் எளிதில் இரையாகும்.

இலையைப் பார்த்து நோயைக் கண்டறிவது எப்படி?

இலையில் நீளவாட்டில் சுருக்கம் விழுந்து, ஓரங்கள் உட்புறமாக மடிந்து, தொட்டால் தோல்போல் இருந்தால் செடிக்குத் தாகம். நன்கு ஊற்றினால் சில நாளில் நிமிர்ந்துவிடும். மண் ஈரமாக இருக்கும்போதே அப்படிச் சுருங்கினால், வேர் அழுகி நீரை உறிஞ்ச முடியாமல் போயிருக்கிறது என்று பொருள். இரண்டுக்கும் தோற்றம் ஒன்றுபோல் இருப்பதால், பலர் அழுகும் செடிக்கு மேலும் தண்ணீர் ஊற்றி அதைக் கொன்றுவிடுகிறார்கள். ஈர்க்குச்சியை முதலில் செருகிப் பாருங்கள்.

அடியிலைகள் ஒவ்வொன்றாக நுனியிலிருந்து காய்ந்து காகிதம்போல் ஆவது இயற்கையான மூப்பு. அடியிலை மஞ்சளாகி, அடிப்பகுதியில் ஊடொளி தெரியும்படி மென்மையானால் நீர் மிகுந்துவிட்டது. இலையில் குழிந்த பழுப்பு வட்டங்கள் தோன்றி, அவற்றுக்குள் வளையம் வளையமாகச் செம்மஞ்சள் புள்ளிகள் இருந்தால் அது ஆந்த்ராக்னோஸ் என்னும் பூசண நோய். அந்த இலையை வெட்டி அகற்றி, மேலிருந்து தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள்.

பூச்சிகள் தாக்குமா?

தாக்கும். அதிகம் வருவது மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும். இலைகள் சேரும் இடுக்கில் பஞ்சு வைத்ததுபோல் வெள்ளையாகத் தெரியும். எறும்புகள் ஏறி இறங்கினால் அங்கே தேடிப் பாருங்கள். அழுத்தமான நீர்ப்பீச்சலே பாதியைத் தீர்த்துவிடும். மீதிக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் சாய்ந்தபின் அந்த இடுக்குகளில் மட்டும் தெளியுங்கள். எண்ணெய் பட்ட இலையில் மறுநாள் வெயில் விழுந்தால் வெந்துவிடும். மேலும் இலையின் நீலச்சாம்பல் பூச்சை எண்ணெய் கரைத்துவிடும், முதிர்ந்த இலையில் அது திரும்ப வராது. இலையை ஈரத்துணியால் துடைத்துப் பளபளப்பாக்குவதும் இதனாலேயே தவறு.

குருத்திலைகளில் எண்ணெய்க்கை பட்டதுபோல் கறைகளும் கோடுகளும் தோன்றினால், கண்ணுக்குத் தெரியாத ஈரியோபைட் சிலந்தியின் வேலையாக இருக்கலாம். தேங்காயில் சொறி உண்டாக்கும் சிலந்தியின் இனத்தைச் சேர்ந்தது இது. அந்தச் செடியை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள்.

அகேவின் முதல் எதிரி ஒரு கூன்வண்டு. கறுப்பு நிறம், தென்னையின் சிவப்புக் கூன்வண்டைவிடச் சிறியது, செய்யும் வேலை மட்டும் அதே வேலை. செடியின் அடித்தண்டில் துளையிட்டு முட்டை வைக்கும். புழுக்கள் நடுத்தண்டைக் குடைந்து தின்னும். கூடவே புகும் நுண்ணுயிர்கள் மீதியை அழுகச் செய்யும். மெக்சிகோவில் டெக்கீலா மதுவுக்காகப் பயிரிடப்படும் நீல அகேவுக்கும் இதுவே பெரிய பகை. வெளியே அடையாளம் தெரியும்போது செடி பெரும்பாலும் கைமீறியிருக்கும். வெளியூரிலிருந்து வாங்கிய பெரிய செடிகளை அடித்தண்டில் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அழுகத் தொடங்கிய செடியைக் காப்பாற்ற முடியுமா?

அழுகல் நடுக்குருத்தை எட்டவில்லையென்றால் முடியும். செடியைப் பிடுங்கி மண்ணை உதறி, பழுப்பான வேர்களையும் தண்டையும் கூர்மையான கத்தியால் வெட்டிக்கொண்டே வாருங்கள். வெட்டிய பரப்பு தேங்காய்ப் பத்தைபோல் வெண்மையாகத் தெரியும்வரை நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். வெட்டுவாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு என்னும் பூசணக்கொல்லித் தூளைத் தடவி, காற்றோட்டமுள்ள நிழலில் ஒரு வாரம், பெரிய வெட்டானால் இரண்டு வாரம், தலைகீழாக வைத்து ஆறவிடுங்கள். பிறகு உலர்ந்த கலவையில் நட்டு, பத்து நாள் கழித்தே முதல் தண்ணீர். குருத்து பிடுங்கினால் வந்துவிடும் நிலை என்றால் செடியை விட்டுவிட்டு அடியிலுள்ள கன்றுகளைத் தேடுங்கள்.

கன்றுகளை எப்போது, எப்படிப் பிரிப்பது?

மழை ஓய்ந்த தை, மாசிதான் தக்க காலம். வாழைக்கு வருவதுபோலவே இதற்கும் அடியில் பக்கக்கன்று வரும். நான்கைந்து இலை விட்ட கன்றாகப் பார்த்து, சுற்றிலும் மண்ணை விலக்கி, தாய்ச்செடியோடு இணைக்கும் கொடியைக் கத்தியால் அறுத்து எடுங்கள். வேர் இல்லாமல் வந்தாலும் கவலையில்லை. மூன்று முதல் ஐந்து நாள் நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்தபின் நட்டு, ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். ஐந்தாறு வாரத்தில் மெல்ல இழுத்தால் பிடிப்புத் தெரியும்.

எல்லா வகையும் கன்று ஈனுவதில்லை; விக்டோரியே ரெஜினே பெரும்பாலும் தனியாகவே நிற்கும், அதை விதையிலிருந்துதான் பெருக்குகிறார்கள். சிசால் வகையிலோ பூத்தண்டிலேயே நூற்றுக்கணக்கில் குட்டிச்செடிகள் முளைத்து உதிரும், மண்ணின்மேல் வைத்தாலே பிடித்துக்கொள்ளும். ஜெர்மானியரான ரிச்சர்ட் ஹிண்டோர்ஃப் 1893-இல் ஃப்ளோரிடாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோன சில கன்றுகளே இன்றைய தான்சானியாவின் சிசால் தோட்டங்களாகப் பெருகின என்றால், தோட்டத்தில் இதைக் கண்காணிக்காமல் விடக் கூடாது என்பது விளங்கும். உதிர்ந்தவற்றை வயல் வரப்பிலோ ஓடைக்கரையிலோ கொட்டிவிடாதீர்கள்.

முள்ளும் சாறும் ஆபத்தானவையா?

ஆம். இலைச்சாற்றில் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்களும் சப்போனின்களும் உள்ளன. தோலில் பட்டால் சிலருக்கு மணிக்கணக்கில் எரிச்சலும், கொப்புளத்தோடு கூடிய தடிப்பும் உண்டாகும். முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை, கண்ணாடி இல்லாமல் இலையை அறுக்காதீர்கள். மின்ரம்பத்தால் அறுத்தால் சாறு தெறிக்கும், வெட்டுக்கத்தியே நல்லது. சாறு பட்டுவிட்டால் தேய்க்காமல் ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவுங்கள். சோற்றுக்கற்றாழைக்குப் பதிலாக இதை முகத்தில் பூசலாமா, சாறெடுத்துக் குடிக்கலாமா என்ற கேள்விக்கு ஒரே விடை: கூடாது.

நுனிமுள் குழந்தையின் கண்மட்டத்தில் நிற்பதுதான் இதைவிடப் பெரிய கவலை. நடைபாதையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நடுங்கள். நகவெட்டியால் முள்ளின் நுனியை மட்டும் கால் அங்குலம் நறுக்கிவிடலாம். பச்சைச் சதையில் வெட்டினால் இலை நுனி காய்ந்து அசிங்கமாகும். குத்திய முள் முறிந்து உள்ளே தங்கிவிட்டாலோ மூட்டருகே குத்தி வீங்கினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

முள்செடியை வீட்டு வாசலில் வைப்பது வாஸ்துப்படி சரியா?

எனக்கு வாஸ்து தெரியாது. வாசலில் வைத்தால் தபால்காரரின் முழங்காலில் குத்தும் என்பது மட்டும் தெரியும்.

ஊட்டி, கொடைக்கானலில் வளருமா?

ஆனைக்கற்றாழை வளரும், உலர்ந்த மண்ணில் நின்றால் உறைபனியையும் தாங்கும். அட்டெனுவாட்டா தாங்காது. மார்கழி, தை இரவுகளில் அதைக் கூரைக்குள் எடுத்து வையுங்கள், அல்லது கோணிச்சாக்கால் மூடிக் காலையில் எடுத்துவிடுங்கள். குளிரும் ஈரமும் சேர்ந்து வந்தால்தான் இரண்டுக்குமே ஆபத்து.

நூறாண்டுக்கு ஒருமுறைதான் பூக்குமாமே?

அப்படி ஒரு பேர் இருக்கிறது, நூறாண்டு ஆவதில்லை. ஆனைக்கற்றாழை பொதுவாகப் பத்து முதல் முப்பது ஆண்டுக்குள் பூத்துவிடும். தொட்டியில் அடைபட்ட செடி அதைவிடத் தாமதிக்கலாம். அறிகுறி குருத்தில் தெரியும்: புதிய இலைகள் சிறுத்துக்கொண்டே வரும், பிறகு நடுவிலிருந்து பருத்த தண்டு ஒன்று கிளம்பும். தண்ணீர்விட்டான் கிழங்கின் இளந்தளிரைப் பல நூறு மடங்கு பெரிதாக்கியதுபோல் இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் அந்த ஒற்றுமை தற்செயலன்று. நாளொன்றுக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் மேலாக உயர்ந்து, எட்டு மீட்டர்வரை போய், மேலே கிளை விரித்து மஞ்சள் பூக்களைத் தாங்கும். மின்கம்பிக்குக் கீழே நட்டிருந்தால் இப்போது தெரியவரும்.

பூத்தண்டை வெட்டிவிட்டால் செடி பிழைக்குமா?

பிழைக்காது. செடி தன் வாழ்நாள் சேமிப்பையெல்லாம் சர்க்கரையாக நடுத்தண்டில் திரட்டி வைத்த பிறகுதான் தண்டு கிளம்புகிறது. வளர்நுனியே பூவாக மாறிவிட்டதால் மேலும் இலை விட அதற்கு இடமில்லை. மெக்சிகோவில் இந்தத் தருணத்துக்காகவே காத்திருந்து, தண்டு எழும் முன்பே குருத்தைக் குடைந்தெடுத்து, அந்தக் குழியில் நாள்தோறும் ஊறும் இனிப்புச் சாற்றை நம் பதநீரைப்போல் இறக்குவார்கள்; அது புளித்தால் புல்கே என்னும் கள். சாறு வற்றியதும் அந்தச் செடியும் முடிந்துவிடும். ஆகவே தண்டை வெட்டாமல் விடுங்கள். பல மாதம் நிற்கும், தேனீக்களும் தேன்சிட்டுகளும் வரும்.

பூத்து முடிந்த செடியை எப்படி அகற்றுவது?

அவசரப்படாதீர்கள். பச்சை இலைகள் காய்ந்து சுருங்க ஓராண்டுகூட ஆகலாம். காய்ந்தபின் சாறும் இல்லை, எடையும் பாதிக்குக் கீழ். முதலில் பூத்தண்டில் கயிறு கட்டி, ஆளில்லாத பக்கமாக இழுத்துச் சாய்த்து அறுத்துவிடுங்கள். உலர்ந்த தண்டு வியக்கும்படி எடை குறைவாக இருக்கும். அவரைப் பந்தலுக்குக் கொம்பாக எனக்கு இரண்டு பருவம் உழைத்திருக்கிறது. அடுத்து, அடியிலைகளிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக நுனிமுள்ளை நறுக்கிவிட்டு, தண்டோடு ஒட்டி வெட்டுங்கள். கடைசியில் மிஞ்சும் அடித்தண்டைக் கடப்பாரையால் நெம்பினால் வந்துவிடும், வேர் ஆழமில்லை. நெம்புவதற்குமுன் சுற்றிலும் மண்ணைக் கிளறி, நல்ல கன்றாக ஒன்றிரண்டைத் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடப்பாரை இறங்கும் இடத்தில்தான் அவை பெரும்பாலும் ஒளிந்திருக்கும்.